இருபத்திரண்டு எஃப்

வண்ணார்பேட்டை பைபாஸில்
பஸ்ஸுக்கும் லாரிக்கும் கண்ணாடி மாட்டுகிற கடை.
நான் கணக்கு எழுதுகிறேன். ஆள் வராத நாளில்
பீடிங் ரப்பரும் வெட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தது:
சார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வருகிற விமானத்தில்
ஜன்னல் போய்விட்டதாம்.

போய்விட்டது என்றால்?
கீறியதா, உடைந்ததா, கழன்றதா?
சொன்ன கண்டக்டருக்குத் தெரியவில்லை.
அவருக்குச் சொன்ன ஆள் வள்ளியூரில் இறங்கிவிட்டார்.

என் தம்பி சிந்தா மதார் அதில்தான் வருகிறான்.
பதினேழு ஏ, ஜன்னலோரம்.
அதற்குக் கூடுதல் காசு கட்டினான் என்று
முந்தின ராத்திரிதான் ஏசியிருந்தேன்.

பணகுடியில் உள்ளங்கை அளவு இருந்த ஓட்டை
நாங்குநேரிக்குள் சுளவு அளவு ஆனது.
மூன்றடைப்பில் ஒருவர் வெளியே பறந்தார்.
ரெட்டியார்பட்டி மேட்டில் இரண்டு பேர்.
எங்கள் கடை வாசலுக்கு வரும்போது
ஒரு கைக்குழந்தையையும் சேர்த்திருந்தார்கள்.
பிள்ளை சாகாத விபத்து
இந்த ரோட்டில் செல்லாது போல.

அவன் போன் அணைந்து கிடந்தது.
எனக்குத் தெரிந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.
பஸ்ஸின் பக்கக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டாய் உதிரும்.
முன்கண்ணாடி உதிராது,
நடுவிலிருக்கும் படலம் பிடித்துக்கொள்ளும்.
விமான ஜன்னல் கண்ணாடியே இல்லை,
ஒரு வகைப் பிளாஸ்டிக்.
காற்றின் அழுத்தத்தைத் தாங்க வெளியே ஒன்று,
அது போனால் தாங்க அடுத்து ஒன்று.
நம் நெற்றி முட்டுகிற மூன்றாவதுக்கு
நம்மிடமிருந்து மற்ற இரண்டைக் காப்பதுதான் வேலை.
நடு அடுக்கில் ஒரு சிறு துளை.
வேண்டுமென்றே போடுவது.

போன லீவில் சிந்தா அதைப் படம் பிடித்து
"லாத்தா, ஓட்டை சன்னலக் குடுத்துட்டானுவ"
என்று அனுப்பினான்.
துளையைச் சுற்றிப் பனி, மூக்குத்திக் கல் மாதிரி.

பன்னிரண்டரைக்கு டிங்கர் செல்லக்கனி ஓடிவந்து
உடைந்த ஜன்னலின் படம் என்று போனை நீட்டினான்.
அதே துளை. அதே பனி.
ஓரத்தில் மங்கலாக, ரத வீதியில்
நான் எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை.

படம் பொய்.
சிரிப்பு வந்தது, பிறகு வயிறு இறுகியது.
படம் பொய் என்பதால்
செய்தியும் பொய் என்று ஆகிவிடாதே.

முதலாளி சொன்னார்:
"அதெல்லாம் நடக்கவே நடக்காதும்மா."
நடந்திருக்கிறது.
உலகத்தில் எங்கோ, அபூர்வமாக, ஆனால் நடந்திருக்கிறது.
நடக்கவே நடக்காது என்பதும்
போய்ப் பார்க்காத ஒருவர் சொல்வதுதான்.
இரண்டு வதந்திக்கும் நடுவே உட்கார்ந்து
டீசல் பில்லைத் தப்பாகக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பத்துக்கு மஸ்கட்டிலிருந்து,
யாருடைய போனிலிருந்தோ, அவன் குரல்.
"ஏன் சன்னல் இல்ல லாத்தா. இருபத்திரண்டு எஃப்.
வெளி அடுக்குல கீறல். ஒரு சாண்கூட இருக்காது.
அப்பளம் ஒடிச்ச மாதிரி சத்தம் கேட்டுதாம்,
நான் தூங்கிட்டேன்.
கீழ எறக்கி இங்க கொண்டாந்து விட்டுட்டாவ.
காது வலிக்கு. இன்னும் சோறு போடல."

அதை அப்படியே செல்லக்கனியிடம் சொன்னேன்.
"அவ்வளவுதானா?" என்றான்.
எதிர்த்த டீக்கடையில் சொன்னேன்.
கிளாஸ் கழுவுகிற சத்தத்தில் பாதி போனது.
அதற்கப்பால் அது எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

ராத்திரி மேலப்பாளையம் டவுன்பஸ்ஸில்
பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது.
"பச்சப் புள்ளயாம்.
பேருகூட வைக்கலயாம்" என்றாள்.

"அப்படி ஒரு பிள்ளையே இல்லை" என்றேன்.
"கீறல்தான். ஒரு சாண்கூட இல்லை."

அவள் மடியிலிருந்த பையை
இறுக அணைத்துக்கொண்டு
தள்ளி உட்கார்ந்தாள்,
அந்தப் பிள்ளையை நான்தான்
வெளியே தள்ளிவிட்ட மாதிரி.